காலிக் கொக்கிகள்

லையல் பாஸ்கோவுக்கு ஆணி வேண்டுமென்றால் பக்கத்து ஊரான பெனால்லாவுக்குப் போவான். எங்கள் வாங்கரட்டாவிலேயே, அவன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், நல்ல இரும்புச் சாமான் கடை ஒன்று இருந்தது. ஆனால் அந்தக் கடைக்காரன் இளவயதில் எங்கள் ஊர்க் கால்பந்து அணியில் லையலின் இடத்தைப் பிடித்தவன். இறுதிப் போட்டியன்று லையலை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு அவனை இறக்கினார்கள். அவன் கோல் அடித்தான், அணி ஜெயித்தது. லையலும் மற்றவர்களோடு நின்று கோப்பையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டான். அதோடு சரி. அந்தக் கடை வாசலை அதற்கப்புறம் மிதிக்கவேயில்லை.

"அவன் மேல உனக்கு அப்பிடி என்னடா கோவம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்ல. அவன் கடை ஆணி வளைஞ்சிருக்கும்" என்றான்.

இதைத் தவிர அவனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்தொன்பது வயதில் எங்கள் ஆலைக்கு வெல்டிங் வேலைக்கு வந்தவன். நான் சரக்கு ஏற்றும் பிரிவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டச் சேர்ந்ததும் அதே வருஷம்தான். வீடுகளுக்கான வெந்நீர் டேங்குகள் செய்கிற ஆலை எங்களுடையது. இரும்புத் தகட்டை உருளையாக வளைத்து, வெல்டிங் வைத்து, உள்ளே எனாமல் என்ற கண்ணாடிப் பூச்சைப் பூசி, உலையில் சுடவேண்டும். லையல் படிப்படியாக ஏறி ஷிஃப்ட் மேற்பார்வையாளன் ஆனான். உடம்பு முடியாதவனைக் கனமான வேலைக்கு விடமாட்டான். யாராவது கையைச் சுட்டுக்கொண்டால் ஆஸ்பத்திரிக்கு அவனே காரோட்டிக்கொண்டு போவான். ஆனால் பக்கத்து ஷிஃப்டில் ஐந்து டேங்க் அதிகமாகப் போனது என்று தெரிந்தால் அன்றைக்கு அவன் சாப்பாட்டு டப்பா மூடியபடியே வீட்டுக்குத் திரும்பும்.

எங்கள் கம்பெனிக்கு இன்னொரு ஆலையும் இருந்தது, கடல் தாண்டி நியூசிலாந்தில், பாமர்ஸ்டன் நார்த்தில். அதே டேங்க், அதே எனாமல். பல வருஷம் அவர்கள் பாட்டுக்கு அவர்கள், எங்கள் பாட்டுக்கு நாங்கள். பிறகு ஆசியாவிலிருந்து டேங்குகள் பாதி விலைக்கு வந்து இறங்க ஆரம்பித்தன. எரிவாயு விலையும் ஏறியது. இந்தப் பக்கத்தில் இரண்டு ஆலையை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்று தலைமை அலுவலகம் முடிவுகட்டியது. எது மிஞ்சும் என்று மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெரிய திரையைக் கொண்டுவந்து எங்கள் கூட்ட அறையில் மாட்டினார்கள்.

திங்கட்கிழமை காலையில் அந்தத் திரையில் இரண்டு ஆலைகளின் எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒரு டேங்குக்கு எவ்வளவு எரிவாயு, எத்தனை டேங்க் கழிவு, எத்தனை சொன்ன நாளில் போனது. முந்தினவனுடையது பச்சை, பிந்தினவனுடையது சிவப்பு. எண்களுக்குக் கீழே அந்த ஆலையின் மேற்பார்வையாளர் முகம் தெரியும். எங்கள் பக்கம் லையல். அந்தப் பக்கம் நைரி தமதி.

நைரிக்கு நாற்பது வயதிருக்கும். நியூசிலாந்துப் பூர்வகுடியான மவோரிப் பெண், அகலத் தோள், பேசும்போது பாதி வாக்கியத்திலேயே சிரித்துவிடுவாள். யாராக இருந்தாலும் 'ப்ரோ'தான் அவளுக்கு, வணக்கத்துக்கு 'கிய ஓரா'.

"கிய ஓரா ப்ரோஸ்! என்ன, அங்க குளிரா? எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்பாள்.

எங்கள் மூஞ்சி அப்படி இருந்ததற்குக் காரணம் குளிர் இல்லை. வாராவாரம் அவள் பக்கம் பச்சையாக இருந்தது. எரிவாயுக் கணக்கில் எங்களால் அவர்கள் கிட்டேகூட நெருங்க முடியவில்லை. லையல் அந்தத் திரையைப் பார்க்கமாட்டான். மேசையில் இருக்கும் பேனாவைப் பிரித்து மறுபடி மாட்டிக்கொண்டிருப்பான். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அவள் பேசுகிற மாதிரி மூக்கால் பேசிக் காட்டுவான். நாங்கள் சிரிப்போம். அவன் சிரிக்கமாட்டான்.

வீட்டிலும் அவள் பேச்சுத்தான். அவன் மனைவி ஜோஸ்லின் பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்த்தாள். வாய் அதிகம், மனசு நல்ல மனசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுப் பின்கட்டில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னாள்:

"மனுசன் தூக்கத்துல ஒருத்தி பேரச் சொல்றான். வேற பொம்பளையா இருந்தா வக்கீலப் பாத்திருப்பா. நான் கிட்ட போய்க் கேட்டேன். 'நைரி, ஒரு டேங்குக்கு கேஸ் எவ்ளோடி ஆகுது'ன்னு உளர்றான். நான் என்னன்னு சண்டை போடுவேன்?"

"சும்மா இரு ஜோஸ்" என்றான் லையல்.

"அவகிட்ட நேராக் கேட்டுத் தொலையேன். ஃபோன் இல்லையா?"

"அவ ஏதோ கோல்மால் பண்றா. கோல்மால் பண்றவகிட்ட போய்க் கேப்பாங்களா?"

இதை அவன் உண்மையாகவே நம்பினான். அதே இரும்பு, அதே மாதிரி உலை, எங்களைவிடப் பழைய கட்டடம். எண்களில்தான் ஏதோ விளையாட்டு இருக்கவேண்டும். எங்கள் ஆலை மேலாளர் ஹாமிஷ், மெல்பர்னிலிருந்து வந்த சின்ன வயதுக்காரன், ஒருநாள் அவனைக் கூப்பிட்டு, "ஒரு வாரம் அங்க போய்ப் பாத்துட்டு வாயேன்" என்றபோது லையலுக்குக் கண் மின்னியது. கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறோம் என்றே கிளம்பினான்.

அங்கே நடந்ததை அவன் எனக்குச் சொன்னது வெகுநாள் கழித்துத்தான்.

நைரியே விமான நிலையத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஊருக்கு மேலே குன்றெல்லாம் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. ஆலைக்குள் நுழைந்ததும் தலைக்கவசத்தைக் கொடுத்து, "எங்க வேணா போ ப்ரோ, யார்கிட்ட வேணா பேசு, எதுவும் மூடி வைக்கல" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். லையல் நேராக உலைப் பக்கம் போனான். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அவனுக்குப் புரிந்துவிட்டது.

உலைக்குள் டேங்குகள் போவது தலைக்கு மேலே ஓடும் ஒரு சங்கிலியில். அதில் வரிசையாகக் கொக்கிகள். பெரிய டேங்க் அகலமானது என்பதால் அதை மாட்டினால் அடுத்த கொக்கியைக் காலியாக விடவேண்டும். எங்கள் ஆலையில் காலையில் பெரிய டேங்குகள், மதியம் சமையலறைத் தொட்டிக்கு அடியில் வைக்கும் சின்ன டேங்குகள். இரண்டையும் சேர்த்துச் சுட முடியாது, பெரியது வேகும் சூட்டில் சின்னது கருகிவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் பாடம். அதனால் எங்கள் உலை நாளின் பெரும்பகுதி காலிக் கொக்கிகளைச் சுட்டுக்கொண்டிருந்தது.

பாமர்ஸ்டன் நார்த்தில் ஒரு கொக்கிகூடக் காலியாக இல்லை. இரண்டு பெரிய டேங்குகளுக்கு நடுவே, அவற்றின் மறைவில், சின்ன டேங்குகள் தொங்கின. பெரியவை சூட்டைத் தடுத்ததால் சின்னவற்றுக்கு வேண்டிய அளவுதான் கிடைத்தது. ஒன்றும் கருகவில்லை. அவ்வளவுதான் விஷயம். புது இயந்திரம் இல்லை, கோல்மால் இல்லை, கணக்கு விளையாட்டும் இல்லை.

"யாரோ வயித்துல முழங்கையால குத்தின மாதிரி இருந்துச்சு" என்றான் என்னிடம். "இருபது வருசமா அந்தக் காலிக் கொக்கிங்களுக்குக் கீழதான நடந்து போறேன். ஒரு நாளாச்சும் எனக்குத் தோணுச்சா?"

மிச்ச நாட்களை அவன் வேறு குற்றம் தேடுவதில் கழித்தான். தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது. கழிப்பறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. அங்கிருந்தவர்கள் அவனை மீன் பொரித்து விருந்துக்குக் கூப்பிட்டார்கள். நைரியின் ஆட்கள் அவளைக் கிண்டல் செய்வதையும், அவள் திருப்பிக் கொடுப்பதையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நம் ஆட்கள் என்னிடம் இப்படி விளையாடியதில்லையே என்று ஒவ்வொரு சிரிப்புக்கும் அவனுக்கு உள்ளே ஒரு கடி.

திரும்பி வந்ததும் ஹாமிஷ் கேட்டான்: "என்ன பாத்த?"

"ஒண்ணும் இல்ல. அங்க காத்து நல்லா அடிக்குது."

"எரிவாயு?"

"அவங்க மீட்டரே வேற மாதிரி. ஒப்பிடவே கூடாது."

ஹாமிஷ் அதைத் தலைமை அலுவலகத்துக்கு அப்படியே எழுதிவிட்டான். லையல் ஏன் அப்படிச் சொன்னான் என்று கேட்டால், அந்த நிமிஷத்தில் அவள் பெயரோடு சேர்த்து 'நல்ல யோசனை' என்ற வார்த்தை தன் வாயிலிருந்து வராது என்பான். வாயைத் திறந்தானாம், வேறு சொல் வந்ததாம்.

அந்தக் குளிர்காலம் மோசமாகப் போனது. எங்கள் எண்கள் சிவப்பிலிருந்து இன்னும் கடும் சிவப்புக்குப் போயின. எங்கள் வெல்டிங் இயந்திரங்களைப் பிரித்து நியூசிலாந்துக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு கிளம்பியது. அளவெடுக்க இரண்டு பேர் வந்து நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். தேநீர் இடைவேளையில் உலைக்காரன் டுஷ்கோ வெடித்தான். அவன் அப்பா ஐரோப்பாவிலிருந்து வந்து அகதி முகாமில் தங்கி, பிறகு இதே ஆலையில் இதே உலையில் வேலை பார்த்தவர்.

"நீ அங்க போய் ஒரு வாரம் இருந்தியே, லையல். தின்னுட்டுத் தூங்கிட்டு வந்தியா? அவங்க என்னதான்டா பண்றாங்க?"

லையல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் காலை ஷிஃப்ட் ஆரம்பித்ததும் உலைப் பக்கம் வந்தான். ஒரு சின்ன டேங்கைத் தானே தூக்கி, இரண்டு பெரிய டேங்குகளுக்கு நடுவே மாட்டினான்.

"பைத்தியமா உனக்கு? கருகிடும்" என்றான் டுஷ்கோ.

"கருகாது. பெருசோட மறைவுல போகும்."

"யாரு சொன்னா?"

லையல் சங்கிலியைப் பார்த்தான். "எனக்குத் தோணுச்சு" என்றான்.

டேங்க் மறுபக்கம் நல்ல நீலமாக, பளபளவென்று வந்தது. டுஷ்கோ விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, லையலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆலை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். அந்த வாரமே எல்லாக் கொக்கிகளும் நிரம்பிவிட்டன. வசந்தம் வருவதற்குள் திரையில் எங்கள் பக்கம் முதல் தடவையாகப் பச்சை. ஹாமிஷ் கேக் வாங்கி வந்தான். அந்தப் பக்கத் திரையில் நைரி கை தட்டினாள்.

"எப்பிடி ப்ரோ பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் யோசிச்சோம்" என்றான் லையல். பேனா அவன் கையில் இரண்டு துண்டாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் முடிவு வந்தது. மூடப்போவது பாமர்ஸ்டன் நார்த். அதற்குக் காரணம் எங்கள் எரிவாயுக் கணக்கா, நாணய மதிப்பா, கப்பல் கூலியா, இல்லை அந்த ஆலை நிலத்துக்கு நல்ல விலை வந்ததா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. லையலுக்கும் கடைசிவரை தெரியாது. எல்லாம் சேர்ந்ததாகத்தான் இருக்கும். அன்று சாயங்காலம் ஊர் மதுக்கடையில் எங்கள் ஆட்கள் அவனைத் தோளில் தூக்கினார்கள். நான் பழகிய இத்தனை வருஷத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அது ஒரு ராத்திரிதான் தாங்கியது.

ஏனென்றால் அங்கிருந்த நல்ல இயந்திரங்கள் எங்களுக்குக் கப்பலில் வரவேண்டியிருந்தன. அவற்றைப் பொருத்தி ஓட்டிக் காட்ட ஒருவர் வேண்டும். ஹாமிஷ் அறிவித்தான்: நைரி வருகிறாள், இரண்டு மாதம்.

பிப்ரவரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே எல்லோரும் வெந்துகொண்டிருந்தபோது, அவள் எங்கள் ஆலைக்குள் நுழைந்தாள். ஒவ்வொருவரிடமும் கை கொடுத்தாள். உலைக்கு முன்னால் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். சங்கிலி போய்க்கொண்டிருந்தது. பெரிது, சின்னது, பெரிது, சின்னது. ஒரு கொக்கியும் காலி இல்லை.

லையல் அவளுக்குப் பின்னால் நின்றான். அவன் காது மடல் இரண்டும் சிவந்திருந்ததை நான் பார்த்தேன், காரணம் அப்போது தெரியவில்லை.

"எப்பிடி?" என்று டுஷ்கோ நெஞ்சை நிமிர்த்தினான். "இது நம்ம லையலோட யோசனை. ஒரு நாள் காலைல வந்தான், மாட்டினான், முடிஞ்சுது."

நைரி திரும்பி லையலைப் பார்த்தாள். சிரிப்பவள் அப்போது சிரிக்கவில்லை. அவள் பார்வை அவன் சிவந்த காதில் நின்றது.

"நல்ல யோசனை" என்றாள். பிறகு டுஷ்கோ பக்கம் திரும்பினாள். "ஆனா ப்ரோ, சின்னத வாய் கீழ பாத்த மாதிரி மாட்டுங்க. இப்ப எனாமல் ஓரத்துல தேங்கும், அப்புறம் அங்கதான் உதிரும். நாங்களும் மொதல்ல இதே தப்பத்தான் பண்ணோம்."

டுஷ்கோ லையலைப் பார்த்தான். சின்ன டேங்குகளைத் திருப்பி மாட்டினார்கள். உதிர்வது பாதியாகக் குறைந்தது.

அவள் அங்கே எல்லோர் முன்னாலும் அவனைக் காட்டிக்கொடுத்திருந்தால் லையலுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பான், அசடு வழிந்திருப்பான், ஏதோ ஒரு வழியில் முடிந்திருக்கும். அவள் சொல்லாமல் விட்டதுதான் அவனை அரித்தது. இவ்வளவு பெருந்தன்மை ஒருத்திக்கு எதற்கு? அதைக்கூட அவளே வைத்திருக்க வேண்டுமா?

அடுத்த வாரங்களில் நிலைமை இன்னும் கெட்டது, அவனுக்கு. ஆலைக்கு எல்லாம் நன்றாகவே நடந்தது. புது வெல்டிங் இயந்திரம் சொன்னபடி ஓடியது. இடைவேளையில் எல்லோரும் நைரியைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். டுஷ்கோவின் மனைவி அவளுக்கென்று முட்டைக்கோஸ் உருண்டை கொடுத்தனுப்பினாள். ரக்பி பற்றி அவள் அளக்க, எங்கள் ஊர்க் கால்பந்தைப் பற்றி இவர்கள் அளக்க, ஒரே கூச்சல். லையல் தன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இறைச்சி பஃப்ஸைப் பிய்த்துத் தின்பான்.

"நீயும் வாயேன்டா" என்று நான் கூப்பிட்டேன்.

"வேலை இருக்கு."

"என்ன வேலை? ஜெயிச்சது நாம. அவ ஃபாக்டரிதான் மூடியாச்சு. இன்னும் என்னடா உனக்கு?"

"அவ ஜெயிச்சவ மாதிரில்ல இருக்கா" என்றான்.

மார்ச் கடைசியில் ஹாமிஷ் அவனை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். உற்பத்தி மேலாளர் பதவி காலியாக இருந்தது. லையல் அதற்குத்தான் வருஷக்கணக்காகக் காத்திருந்தான். ஹாமிஷுக்கும் அது தெரியும்.

"ஒளிச்சுப் பேச விரும்பல, லையல். நைரிக்குக் கொடுக்கலாம்னு தலைமை அலுவலகம் நெனைக்குது. நீ அவ கூட வேலை பாத்திருக்க. என்ன சொல்ற?"

லையல் யோசித்ததாகக் காட்டிக்கொண்டான். "திறமைசாலிதான். ஆனா இங்க தங்கமாட்டா. சொந்தபந்தம் எல்லாம் அங்க. ஆறு மாசத்துல கெளம்பிடுவா. அப்புறம் நீங்க மறுபடி ஆள் தேடணும்."

"அவகிட்ட கேட்டியா?"

"கேக்கணுமா? தெரியுது."

அவளோடு அவன் அதுவரை இயந்திரத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை.

ஹாமிஷ் முட்டாள் இல்லை. நேராக நைரியிடமே கேட்டான். அவள் ஒரு நாள் எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்றாள். அவள் ஊரில் பால் பவுடர் ஆலை ஒன்றில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பதவி லையலுக்கு வந்தது. இரண்டாவதாகக் கேட்கப்பட்டு வந்தது என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு அது வாழ்த்துச் சொன்ன ஒவ்வொரு வாயிலும் கேட்டது.

அவள் கிளம்பும் நாளில் மெல்பர்ன் விமான நிலையத்துக்கு அவளைக் கொண்டுபோய் விட ஹாமிஷ் லையலைத்தான் அனுப்பினான். மூன்று மணிநேர ஓட்டம். நெடுஞ்சாலையில் யூரோவா வரைக்கும் இரண்டு பேரும் வானொலியைக் கேட்டுக்கொண்டு போனார்கள். பிறகு அவள் வானொலியை அணைத்தாள்.

"உங்க ஆளுங்க சொன்னாங்க, என்னப் பாத்தா உனக்கு வயிறு எரியுதாம்."

"யாரு, டுஷ்கோவா?"

"எல்லாருந்தான். ஜோஸ்லினக் கடையில பாத்தேன், அவளும் சொன்னா. நீ தூக்கத்துல என் கேஸ் கணக்கு கேக்கறியாமே."

லையல் முன்னால் போன லாரியைத் தாண்டினான்.

"கிண்டலுக்குக் கேக்கல ப்ரோ. நெஜமாவே தெரிஞ்சுக்கணும். எதப் பாத்து எரியுது உனக்கு? என் ஃபாக்டரில இப்ப புறா குடியிருக்கு. எங்கிட்ட வேலை பாத்தவங்கள்ல பாதிப்பேரு வீட்ல உக்காந்திருக்காங்க. கடைவீதில என்னப் பாத்தா அந்தப் பக்கமா போறாங்க, நான்தான் ஏதோ கோட்டை விட்டுட்டேன்னு. உனக்குச் சங்கிலி ஓடுது, கொக்கி நெறஞ்சிருக்கு. இதுல எரியறதுக்கு என்ன இருக்கு?"

வயல்கள் காய்ந்து வெளுத்துக் கிடந்தன. சீமூர் ஊரைத் தாண்டியதும் அவன் சொன்னான்.

"அந்தக் கொக்கி... அது உன்னோடது."

"தெரியும்."

"அங்கேர்ந்து வந்தப்ப ஒண்ணுமில்லன்னு சொன்னேன். அப்புறம் என்னுதுன்னு சொன்னேன்."

"மொத நாளே தெரியும். டுஷ்கோ நெஞ்ச நிமித்தினப்ப உன் காதப் பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்லி? என் ஃபாக்டரி தெறந்துடுமா?" அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அதுவும் என் மூளைல முளைச்சதுன்னு நெனைச்சியா? பள்ளிக்கூடம் முடிச்சதும் கோழி அறுக்கற ஃபாக்டரில வேலை பாத்தேன். அங்க ஒரு கொக்கி காலியாப் போனாப் போதும், சூப்பர்வைசர் காது கிழியக் கத்துவான். டேங்க் ஃபாக்டரிக்கு வந்தப்ப, இவ்ளோ கொக்கி காலியாப் போகுது, ஒருத்தனும் கத்தலயேன்னு ஆச்சரியமா இருந்துச்சு."

லையலுக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"ஆனா ஒண்ணு சொல்றேன். கோவமே இல்லன்னு சொல்லமாட்டேன். நீ வாயத் தெறந்து கேட்டிருந்தா அன்னைக்கே நானே ஏணி போட்டு ஏறி மாட்டிக் காட்டியிருப்பேன். எங்கிட்ட கேக்கறது அவ்ளோ கஷ்டமா இருந்துச்சா உனக்கு? அதுதான் எனக்குத் தாங்கல."

விமான நிலையத்தில் பெட்டியை இறக்கிக் கொடுத்தான். அவள் அவன் தோளை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அவள் போய்விட்டாள் என்று அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்து அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அருவருத்துப் போனதாகச் சொன்னான்.

திங்கட்கிழமை ஹாமிஷிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். மீட்டர் பொய், கொக்கி, ஆறு மாதத்தில் கிளம்பிவிடுவாள் என்று சொன்னது, எல்லாம். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போயிருந்தான். ஹாமிஷ் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"யாரோட யோசனையா இருந்தா என்ன, லையல்? எண் பச்சையா இருக்குல்ல?"

ஹாமிஷ் அவனை ஏசியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. இத்தனை நாள் உள்ளே வைத்து எரிந்ததற்கு அந்த அறையில் ஒரு மதிப்பும் இல்லை. வெளியே வந்து நேராக என்னிடம் வந்தான். சரக்கு மேடையில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு எனக்கும் சொன்னான். அன்று சாயங்காலம் ஜோஸ்லினிடம் சொன்னபோது, அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "இனிமே தூக்கத்துல யார் பேரச் சொல்லப்போற? முன்கூட்டியே சொல்லிடு, பழகிக்கறேன்" என்றாளாம்.

லையல் உற்பத்தி மேலாளராக ஓய்வு பெறும்வரை இருந்தான். நன்றாகவே நடத்தினான். ஆட்கள் குறைந்தார்கள், டேங்குகள் குறையவில்லை. ஆலை இன்னும் ஓடுகிறது. ஒருதடவை ஒரு சரக்கு முழுக்க எனாமல் முள்முள்ளாக வந்தது. எங்கள் பொறியாளர்கள், எனாமல் விற்றவர்கள், யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, லையல் என் முன்னாலேயே நைரியைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"நைரி, ஒண்ணு கேக்கணும்" என்றான். அந்த மூன்று சொல்லைச் சொல்வதற்குள் அவன் நெற்றியில் வேர்த்துவிட்டது.

பின்னால் இயந்திர இரைச்சல் கேட்க அவள் கத்திப் பேசினாள். தண்ணீரில் ஏதோ உப்பு ஏறியிருக்கும், கோடையில் தன் பழைய ஆலையிலும் வந்தது, குழாயை மாற்றிப் பார் என்றாள். அப்படித்தான் இருந்தது, சரியாகிவிட்டது. பிறகு தன் பால் பவுடர் ஆலையைப் பற்றிச் சொன்னாள். எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, மூன்று புது உற்பத்தி வரிசை, தரையில் சாப்பிடலாம் போல சுத்தம்.

"ஒரு தடவை வந்து பாரு ப்ரோ. ஜோஸ்லினையும் கூட்டிட்டு வா. மீன் பொரிச்சுத் தர்றேன்."

"வர்றேன், வர்றேன்" என்றான்.

தொலைபேசியை வைத்துவிட்டு, "மூணு புது வரிசையாம்" என்றான் என்னிடம். அவன் காது மடல் சிவந்திருந்தது. அவன் போகவில்லை. ஜோஸ்லின் இரண்டு தடவை விமானச் சீட்டு விலைகூடப் பார்த்துவைத்தாள். முழங்கால் வலி என்றான், மழை என்றான். எங்களுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். போய் அந்த மூன்று வரிசையையும் கண்ணால் பார்த்தால் அவனால் தாங்க முடியாது.